கழுவக் கழுவ டேங்க் ஏன் மங்குகிறது? வீட்டில் பைக்கைச் சுத்தம் செய்யும் முறை

எட்டு மாத வண்டி, பளபளப்பான கறுப்பு டேங்க். தினமும் காலையில் ஒரு துணியால் துடைக்கிறீர்கள், வாரம் ஒரு முறை சோப்புத்தூள் கரைத்துக் கழுவுகிறீர்கள். அப்படியும் வெயிலில் நிறுத்தினால் டேங்க் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிகின்றன, செயினில் துரு ஏறியிருக்கிறது. எங்கே தப்பு, பாலிஷ் போடுவதா, வேக்ஸா, கோட்டிங்கா என்பது உங்கள் கேள்வி.

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கோடுகளைப் போட்டது நீங்கள்தான். அதிலும் வாராந்தரக் குளியலைவிட, தினசரி காலைத் துடைப்புக்குத்தான் பெரிய பங்கு.

பெயிண்ட்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதாவது வண்டியின் பளபளப்பு முழுக்க ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க அதன் மேல் படியும் புழுதியில் நுண்மணல் உண்டு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறிவிடும், கிளியர் கோட் எம்மாத்திரம்? உலர்ந்த துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாளை மெதுவாக ஓட்டிய மாதிரிதான். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. எட்டு மாதத்தில் தெரியும்.

அந்தக் கோடுகள் வட்டமாகத் தெரிவதைப் பார்த்து, வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வலை பின்னியது போலக் கண்ணுக்குப் படுகிறது. எப்படித் துடைத்தாலும் மணல் இருந்தால் கீறும்.

அதனால் முதல் வேலை, காலைத் துடைப்பை நிறுத்துவது. தூசியோடு ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது. சீட்டையும் கண்ணாடியையும் மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள். தூசி படிந்த வண்டி மேல் கவர் போட்டு மூடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். காற்றில் கவர் ஆடும்போதெல்லாம் அதுவே துடைக்கிற துணியாகிவிடும்.

இனி கழுவுவதைப் பார்ப்போம். நிழலில் நிறுத்துங்கள், என்ஜின் கைவைத்துத் தொடுகிற அளவுக்கு ஆறட்டும். சூடான உலோகத்தில் ஷாம்பு நுரை நொடியில் காய்ந்து திட்டாகிவிடும். பிரேக் டிஸ்க்கும் சைலன்ஸரும் கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றுவது எப்படியும் நல்லதில்லை. சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்றுங்கள், பின் சக்கரத்தைச் சுற்றத் தோதாக இருக்கும். சைலன்ஸர் வாயில் ஒரு பழைய துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள். சாவித் துவாரத்தில் ஒரு துண்டு டேப். கழுவி முடித்ததும் இரண்டையும் எடுக்க மறக்காதீர்கள். நான் ஒரு முறை துணியோடு ஸ்டார்ட் பண்ண முயன்று, பேட்டரிதான் போய்விட்டது என்று கால் மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, தொடாமலேயே போகக்கூடிய அழுக்கைத் தொடாமல் போக்குவது. சாதாரண ஹோஸ் பைப்பில் மெல்லிய வேகத்தில், மேலிருந்து கீழே, நிதானமாக இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் விடுங்கள். காய்ந்த சேறு இருந்தால் நனைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஊற விட்டு, மறுபடி தண்ணீர் அடியுங்கள். இந்தப் பொறுமைதான் பாதி வேலை. கீறக்கூடிய மணலில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வீட்டு உபயோகக் கருவிகளிலேயே 100 பார் வரை அழுத்தம் தருபவை இருக்கின்றன. உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வீல் பேரிங்கிலும், ஹேண்டில் பார் திரும்பும் ஸ்டியரிங் பேரிங்கிலும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூட்டிலும் உள்ள ரப்பர் சீல்கள் மழையைத் தாங்கச் செய்யப்பட்டவை. அருகில் வைத்து அடிக்கும் ஜெட் தண்ணீரை அவை தாங்காது. தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் வெளியேறி, சில மாதம் கழித்து பேரிங் கரகரவென்று சத்தம் போடும். அப்போது யாருக்கும் கழுவியது நினைவுக்கு வராது. செயினின் பக்கவாட்டிலும், ரேடியேட்டர் தகடுகளிலும், ஸ்விட்ச்சுகளிலும், ஸ்டிக்கர் ஓரத்திலும் ஜெட் அடிக்காதீர்கள். மட்கார்டின் அடிப்பகுதிக்கு அது நல்ல கருவி. மற்ற இடங்களுக்கு விசிறி போல விரியும் நாஸில் வைத்து ஓரடிக்கு மேல் தள்ளி நின்று அடித்தால் போதும்.

சோப்புத்தூளை விட்டுவிடுங்கள். துணியிலிருந்து எண்ணெய்ப் பசையை இழுத்தெடுக்கச் செய்த காரப் பொருள் அது. வேக்ஸைக் கழற்றும், பாலிஷ் செய்த அலுமினியத்தை மங்க வைக்கும். சரியாகக் கரையாத துகள் வேறு கீறும். பாத்திரம் கழுவும் திரவம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதுவும் வேக்ஸை எடுத்துவிடும். பாலிஷ் போடப் போகிற நாளில் பழைய வேக்ஸைக் கழற்ற அதைப் பயன்படுத்தலாம், வாராவாரம் வேண்டாம். வண்டிக்கென்று விற்கும் நடுநிலை பிஹெச் உள்ள ஷாம்பு ஒரு பாட்டில் பல மாதம் வரும். அதில் இருக்கும் வழவழப்புதான் முக்கியம். துணிக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே மணல் மாட்டினாலும் அது வழுக்கிப் போக வழி கிடைக்கிறது.

இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்புவில் நனைத்து டேங்க்கில் ஒரு பக்கம் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு, அப்புறம்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் கழுவி முடித்ததும் இரண்டாவது வாளியின் அடியில் படிந்திருக்கும் மணலைப் பாருங்கள். ஒரே வாளி என்றால் அதெல்லாம் மறுபடி டேங்க் மேல் ஏறியிருக்கும். ஸ்பாஞ்ச் வேண்டாம், அதன் தட்டையான பரப்பு மணலை அழுத்திப் பிடித்துத் தேய்க்கும். நீளமான இழை உள்ள மைக்ரோஃபைபர் கையுறையோ துணியோ நல்லது, மணல் இழைகளுக்குள் போய்விடும். அழுத்தாமல், துணியின் கனத்திலேயே ஓடட்டும். டேங்க், முன் கவசம், பக்கத் தகடுகள், சீட், கடைசியில் மட்கார்ட் என்று மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் வேறு துணி, வேறு வாளி. கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி எடுக்காதீர்கள். துணிகளைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் அது இழைகளில் படிந்து உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும், அதுவும் வேண்டாம்.

அலசியதும் உடனே உலர்த்த வேண்டும். தானாகக் காயட்டும் என்று வெயிலில் விட்டால் தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசிய உப்புகள் வெள்ளை வட்டங்களாகத் தங்கிவிடும். உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் இதுவே பெரிய தலைவலி. புதிய வட்டங்கள் என்றால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து பெயிண்ட் மேல் மட்டும் துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் நன்றாக அலசினால் போய்விடும். பல மாதம் விட்டால் படலத்துக்குள்ளேயே அரித்துவிடும், பாலிஷ்தான் வழி. காற்று ஊதும் பிளோயர் இருந்தால் முதலில் அதை வைத்து என்ஜின் இடுக்கு, ஸ்விட்ச், கண்ணாடித் தண்டு, போல்ட் குழிகள் எல்லாவற்றிலும் ஊதி விரட்டுங்கள். இல்லாவிட்டால் தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்து வைத்து ஒற்றி எடுங்கள், இழுத்துத் துடைக்க வேண்டாம்.

பறவை எச்சத்துக்கு வாராந்தரக் கழுவல் வரை காத்திருக்கக் கூடாது. அதில் அமிலம் உண்டு, வெயில் ஏறினால் சில மணி நேரத்திலேயே தடம் பதிந்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, இளகியதும் அப்படியே தூக்கி எடுங்கள். பெட்ரோல் போடும்போது டேங்க்கில் வழிந்தாலும் அப்போதே ஈரத் துணி. பிரேக் ஆயில் இன்னும் மோசம், டாட் 3, டாட் 4 வகைகள் பெயிண்ட்டை உரித்தே எடுத்துவிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

என்ஜினில் எண்ணெய்ப் பசையும் மண்ணும் சேர்ந்து பிடித்திருந்தால் மட்டும் டீகிரீசர் அடியுங்கள். காரம் கூடிய டீகிரீசர் வெறும் அலுமினியத்தை வெளுக்க வைக்கும், அதனால் பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல் அலசுங்கள். காற்றில் குளிரும் என்ஜினின் வரிவரியான தகடுகளுக்கு நடுவே பாட்டில் கழுவும் நீள பிரஷ்ஷை விட்டு எடுங்கள். இது அழகுக்காக மட்டுமல்ல, அங்கே சேறு அப்பிக் கிடந்தால் சூடு வெளியேறாது. என்ஜினிலிருந்து சைலன்ஸருக்குப் போகும் பெண்ட் பைப் மஞ்சளாகவும் நீலமாகவும் மாறுவது சூட்டில் உலோகத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலத்தால், பழுது இல்லை. எனக்கு அந்த நிறம் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் உலோக பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஒன்று மட்டும், துடைத்த பைப்பில் கைரேகையோ எண்ணெயோ இருக்க ஸ்டார்ட் செய்தால் அது அப்படியே சுட்டுப் பழுப்புக் கறையாகிவிடும். கிரோமில் லேசான துருப்புள்ளிகள் இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் கிரோமைவிட மென்மையானது, துருவை எடுக்கும், கிரோமைக் கீறாது. கிரோம் நிறம் பூசிய பிளாஸ்டிக்கில் இதைச் செய்துவிடாதீர்கள்.

அதிகம் பேர் விட்டுவிடுகிற இடம் முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய். அதில் ஒட்டிய பூச்சியும் சேறும் காய்ந்து கல்லாகி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஆயில் சீலுக்குள் போய் வருகிறது. சீல் கிழிந்து ஆயில் கசிய இது போதும். ஈரத் துணியால் ஒரு நிமிட வேலை.

சிலர் கடைசியில் டீசலோ, மண்ணெண்ணெயோ தொட்டு வண்டி முழுக்க ஒரு பூச்சு கொடுப்பார்கள். அப்போதைக்கு மின்னும். அந்த எண்ணெய்ப் பசையில் சாயங்காலத்துக்குள் தூசி அப்பிக்கொள்ளும், ரப்பர் உப்பும். ஹெட்லைட் மூடியும் முன் கண்ணாடியும் பெரும்பாலும் பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். பெட்ரோல், தின்னர் பட்டால் பூத்துவிடும், வெடிப்பு விழும். வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த திரவமும் ஆகாது. ஷாம்பு தண்ணீரே போதும்.

பளபளப்பு ஏறவே கூடாத இடங்கள் உண்டு. டயரில் தரையைத் தொடும் பகுதி, பிரேக் டிஸ்க், கால் மிதி, கைப்பிடி, சீட். கடைசியாகச் சொன்ன சீட்டில் எனக்குச் சொந்த அனுபவம். சிலிகான் ஸ்ப்ரே அடித்து, கண்ணாடி போல ஆக்கி, பெருமையாகக் கிளம்பினேன். முதல் சிக்னலில் பிரேக் பிடித்ததும் வண்டி நின்றது, நான் நிற்கவில்லை, டேங்க் வந்துதான் நிறுத்தியது. டிஸ்க்கில் வேக்ஸோ ஸ்ப்ரேயோ தெறித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடுங்கள். பிரேக் பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் மாற்றுவதுதான் உத்தமம்.

சரி, டேங்க்கில் ஏற்கெனவே விழுந்த கோடுகளுக்கு வருவோம். பாலிஷ், வேக்ஸ் இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. பாலிஷ் என்பது நுண்ணியதாக அராவும் பொருள். கீறலைச் சுற்றியுள்ள படலத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சமன் செய்கிறது, அதாவது கிளியர் கோட்டில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. காம்பவுண்டு அதன் முரட்டு அண்ணன். வேக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு பூச்சு மட்டும். அதனால் பாலிஷ் மாதாமாதம் போடும் சமாசாரம் இல்லை, வேக்ஸ் போடலாம்.

உங்கள் வண்டிக்கு ஒரு முறை மென்மையான ஃபினிஷிங் பாலிஷ் போதும், காம்பவுண்டு வேண்டாம். கழுவி உலர்த்தியபின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி டேங்க்கைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஒட்டிய அழுக்கு இன்னும் இருக்கிறது. டீட்டெயிலிங் களிமண் கட்டியை வழவழப்புத் திரவத்தோடு ஓட்டி முதலில் அதை எடுக்க வேண்டும். அப்புறம் ஃபோம் பேடில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் கையால் தேய்த்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். டேங்க்கின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் படலம் இன்னும் மெல்லியதாக இருக்கும், அங்கே அழுத்தாதீர்கள். ஸ்டிக்கரின் மேலும் ஓட்டாதீர்கள். நகத்தால் வருடும்போது தடுக்கிற கீறல் என்றால் அது ஆழமானது, பாலிஷால் போகாது, துரத்தாமல் விட்டுவிடுங்கள்.

அதன்மேல் வேக்ஸா, கோட்டிங்கா? கார்னௌபா வேக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலைகளிலிருந்து எடுப்பது. கறுப்பு நிறத்துக்கு அது தரும் ஆழம் தனி, ஆனால் சில வாரங்களே நிற்கும். செயற்கை பாலிமர் சீலன்ட் சில மாதம் தாங்கும். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும், அழுக்கு எளிதில் கழன்று வரும். ஆனால் கல் தெறித்தால் தடுக்காது. கோடுகளை எடுக்காமல் அதற்கு மேல் போட்டால் கோடுகளைப் பூட்டி வைத்தது போல் ஆகிவிடும், எடுக்க மறுபடி பாலிஷ்தான். என்னைக் கேட்டால் உங்களுக்கு சீலன்ட் போதும். கழுவும் முறையை மாற்றாமல் கோட்டிங் போட்டால், அடுத்த எட்டு மாதத்தில் அதன் மேலும் கோடு விழும்.

மேட் ஃபினிஷ் வண்டி வைத்திருப்பவர் இதைப் படித்தால், மேலே சொன்ன பாலிஷ், வேக்ஸ் எதுவும் உங்களுக்கு இல்லை. வெளிச்சத்தைச் சிதறடிக்கும் நுண்ணிய மேடுபள்ளம்தான் மேட் நிறம். பாலிஷ் போட்டால் அந்த மேடுகள் தேய்ந்து, அந்த இடம் மட்டும் நிரந்தரமாக மின்னும். என் நண்பர் ஒருவரின் டேங்க்கில் உள்ளங்கை அளவு அப்படி ஒரு நிலா இருக்கிறது.

இனி செயின். நான் கடைசியில் எழுதினாலும், வேலையில் இது முதலில் வர வேண்டும். செயினும் சக்கரமும் முடிந்த பிறகுதான் டேங்க்கில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய இடத்தில் கரி தெறிக்கும். இதில் ஒரு விஷயத்தில் சமரசமே கிடையாது. என்ஜினை ஓட விட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணி பிடிக்காதீர்கள். துணியை ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம், இழுக்கும், துணியோடு விரலும் போகும். என்ஜின் அணைந்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

இன்றைய பைக்குகள் பலவற்றில் இருப்பது ஓ-ரிங் செயின். ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள். அந்த வளையம் போனால் செயினின் ஆயுளும் போச்சு. பெட்ரோல், தின்னர், கம்பி பிரஷ் மூன்றும் அதற்கு எதிரி. மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் தொட்டு, மென்மையான பிரஷ்ஷால் நான்கு பக்கமும் தேய்த்து, ஊறவிடாமல் துணியால் துடைத்துவிடுங்கள். டயருக்கும் செயினுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகி வையுங்கள். டபிள்யூ.டி-40 பற்றிக் கேட்பீர்கள். அது 1953-ல் ராக்கெட் கெமிக்கல் என்ற நிறுவனம் துருவைத் தடுக்கத் தயாரித்தது, பெயரே தண்ணீரை வெளியேற்றும் 40-வது கலவை என்று பொருள்படும். சாதாரண நீல மஞ்சள் டப்பா துடைக்க உதவும், செயினுக்கு எண்ணெயாக நிற்காது, மிக மெல்லியது.

உங்கள் செயினில் இருக்கும் துரு பெரும்பாலும் வெளித்தகடுகளில் மட்டும் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு எண்ணெய் போடாமல் விட்டதன் விளைவு. மண்ணெண்ணெயில் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். சுற்றிப் பார்க்கும்போது ஏதாவது கண்ணி மடங்கியபடியே விறைத்து நின்றால், அல்லது ரப்பர் வளையம் காணாமல் போயிருந்தால், அந்தச் செயின் முடிந்துவிட்டது. அப்படியே தொய்வையும், அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் அளவையும், பாருங்கள். சாலை பைக்குகளில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும், உங்கள் வண்டியின் கணக்கு கையேட்டில் இருக்கிறது. இப்படிக் குனிந்து கிடக்கும் நேரத்தில்தான் டயரில் ஏறிய ஆணி, தேய்ந்த பிரேக் பேட், கசிகிற ஆயில், கழலத் தொடங்கிய போல்ட் எல்லாம் கண்ணில் படும்.

எல்லாம் கழுவி, உலர்த்தி, சைலன்ஸர் துணியை எடுத்தபின், ஐந்து நிமிடம் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். ஈரமான டிஸ்க்கில் முதல் இரண்டு மூன்று பிரேக் சரியாகப் பிடிக்காது, தெருவிலேயே லேசாகப் பிடித்துப் பிடித்துக் காய வையுங்கள். டிரம் பிரேக் என்றால் இன்னும் கொஞ்சம் நேரமாகும். திரும்பி வரும்போது செயின் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது கீழ் வரிசையில், உட்புறத்தில், செயினுக்கென்று விற்கும் லூப் எண்ணெயோ எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலோ மெல்லிதாக விட்டுச் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஓடும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். மிஞ்சியதைத் துடைத்துவிட்டு, முடிந்தால் காலை வரை வண்டியை எடுக்காதீர்கள். உடனே ஓட்டினால் பாதி எண்ணெய் பின் சக்கரத்தில்தான் இருக்கும். இதை 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், கழுவிய ஒவ்வொரு முறையும், மழையில் நனைந்த மறுநாளும் செய்யுங்கள்.